ஈரம் எந்தப் பக்கம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

பனி முற்றாகக் கரைந்துவிட்டது. பின்வளவில் புல் தெரிகிறது. போன இலையுதிர்காலத்தில் நான் தொலைத்த கத்தரிக்கோலும் தெரிகிறது, துருவேறி.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது தவமலர் சொன்னாள்: "பேஸ்மென்றைக் கட்டி முடிப்பம்."

இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து எங்கள் பேஸ்மென்ற், நிலத்துக்குள் இறங்கிய கீழ்த்தளம், வெறும் கொங்கிறீற் சுவராகத்தான் கிடக்கிறது. ஆனால் அடுப்பு உண்டு, குளியலறை உண்டு, பக்கத்து ஒழுங்கையால் இறங்க ஒரு தனிக் கதவும் உண்டு. இப்படி ஒன்றை வாடகைக்கு விடாமல் வைத்திருக்கும் தமிழர்கள் ஸ்காபரோவில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"வாடகைக்கு விடுவம் எண்டுறீர். நல்ல யோசனை. நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் வேலைத்திட்டத்தை விளக்கத் தொடங்கியிருந்தேன். விளக்கி முடித்துப் பார்த்தபோது கதிரையில் அவள் இல்லை. கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. சம்மதம் என்று பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

யோகன் வந்தான். பேஸ்மென்ற் கட்டும் கொந்தராத்துக்காரன். பாதித் தமிழர்களின் பேஸ்மென்றைத் தானே கட்டியதாகச் சொல்வான். கையிலிருந்த கார்த் திறப்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"கொஞ்சம் ஈரம் இருக்கு அங்கிள். பயப்பிடாதேங்கோ, கனடாவிலை எல்லாப் பேஸ்மென்றும் ஈரம்தான். ஒரு பெயின்ற் இருக்கு. அதை அடிச்சு, இன்சுலேசனை வைச்சு, மேலை ட்ரைவோல் பலகை அடிச்சமெண்டால், அங்காலை என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஈரம் எங்கையிருந்து வருது தம்பி?" என்று தவமலர் கேட்டாள்.

"மண்ணிலையிருந்து, அன்ரி."

"மண்ணுக்கு எங்கையிருந்து வருது?"

யோகன் என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தேன்.

பின்பக்கச் சுவரோடு நின்ற இறாக்கையை இழுக்கச் சொன்னாள். இழுத்தோம். சுவரின் கீழ்ப்பாதி கரும்பச்சை. அதற்கு மேலே உப்புப் பூத்ததுபோல் வெள்ளை மா. இறாக்கையின் அடித்தட்டில் ஒரு மட்டைப்பெட்டி. மூத்தோர் மன்றம் எனக்கு வாசித்தளித்த வாழ்த்துமடல் அதற்குள் இருந்தது. "நீர்வளம் காத்த நெறியாளர்" என்ற வரியைத் தவிர மற்றதெல்லாம் அழுகிவிட்டது.

"பூஞ்சணம்" என்றாள் தவமலர். பாண் சுடும் தொழிற்சாலையில் இருந்து போன மார்கழியில்தான் ஓய்வு பெற்றவள். பூஞ்சணத்தை அவளுக்குத் தூரத்திலேயே தெரியும்.

காரணத்தை நான் உடனே கண்டுபிடித்தேன். மேல்வீட்டில் மணக்கக்கூடாது என்று இவள் பிட்டும் இடியப்பமும் கீழேதான் அவிக்கிறாள். அந்த ஆவிதான் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. இலங்கையில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குளக்கட்டு, மதகு, வாய்க்கால் எல்லாம் என் சொல் கேட்டவை. தண்ணீரைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்று முதல் கீழே அவிப்பது நிறுத்தம். உடுப்புக் காயப்போடுவதும் நிறுத்தம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிட்டு இல்லை. பாண்.

ஏப்ரல் 16, புதன்

பாண்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எங்கள் மகள் ஆரணி ஒட்டாவாவில் இருக்கிறாள். தாய்க்கு ஏதோ வீடியோ அனுப்பியிருக்கிறாள் போலும். தவமலர் ஒரு பிளாஸ்ரிக் தாளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கச் சுவரில் நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டினாள்.

"இது என்ன விளையாட்டு?"

"ரெண்டு நாள் விட்டுப் பாக்கோணும். தாளுக்கு முன்பக்கம் ஈரம் பிடிச்சால் அது வீட்டுக்குள்ளை இருக்கிற ஆவி. பின்பக்கம் பிடிச்சால் சுவருக்குள்ளாலை வருது."

"முன்பக்கம்தான் பிடிக்கும்" என்று சொல்லி, ஆவி எப்படி ஒடுங்கி நீராகிறது என்று விளக்கினேன். அவள் ரேப்பை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தவமலர் கடைக்குப் போன நேரம் தாளை ஆய்வு செய்தேன். முன்பக்கம் உலர்ந்திருந்தது. பின்பக்கத்தில் முத்து முத்தாக ஏதோ தெரிந்தது. அது என்னவென்று உறுதிப்படுத்த ஒரு மூலையை உரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்த பிறகு சுத்தம் கருதித் துணியால் துடைத்தேன். திரும்ப ஒட்டும்போது ரேப் சரியாகப் பிடிக்கவில்லை.

அவள் வந்து பார்த்தாள். பரிசோதனை பிழைத்துவிட்டது, ரேப் தரமில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவள் என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள்.

ஏப்ரல் 26, சனி

வியாழக்கிழமை இரண்டாவது தாள். இந்தமுறை ரேப்பை இரட்டையாக ஒட்டினாள். கதிரை ஒன்றைக் கொண்டுபோய் முன்னால் போட்டுக்கொண்டு தைக்கவும் தொடங்கிவிட்டாள். தையல் மெசினும் கீழே போய்விட்டது. மேலே வெளிச்சம் காணாதாம்.

இன்று பார்த்தால் பின்பக்கம் முழுவதும் ஈரம். இரண்டு பக்கத்தையும் கருத்தில் எடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

மே 4, ஞாயிறு

பாத்தி வேலை தொடங்கினேன். கனடாவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கூண்டுக்குள் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது ஒன்றுதான் சொந்தத் தொழில். வீட்டுப் பின்சுவரோடு ஒட்டி, பேஸ்மென்ற் ஜன்னல் மட்டத்துக்கு மண் உயர்த்திக் கட்டிய பாத்தி அது. கூரைத் தண்ணீரும் வீணாகக்கூடாது என்பதற்காகப் பீலிக் குழாயை அறுத்து நேரே அதற்குள் திருப்பிவிட்டிருக்கிறேன். பாகல், புடோல், பயற்றை எல்லாம் சுவர்ச் சூட்டுக்குச் செழித்து ஏறும். போன வருடம் மூத்தோர் மன்றத்தின் வீட்டுத்தோட்டப் போட்டியில் இரண்டாம் இடம். முதலிடம் மகாதேவா மாஸ்டருக்கு. அவருக்கு நடுவர் ஒருவர் மைத்துனர் முறை.

தவமலர் வெளியே வந்து நின்றாள். பாத்தியைப் பார்த்தாள், பீலியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதுதான். இந்த மண்ணை எடுத்துப்போட்டுப் பீலியைத் தூரத் திருப்பி விடுங்கோ. சுவர் தன்ரை பாட்டிலை காயும்."

"பன்னிரண்டு குளம் பாத்தவனுக்கு நீர் தண்ணி படிப்பிக்கிறீரோ?"

"குளத்துக்குக் கீழை நீங்கள் ஒருத்தரையும் குடியிருத்தேல்லையே" என்றுவிட்டு உள்ளே போனாள்.

பதில் சொல்லத்தான் இருந்தேன். கதவு சாத்தப்பட்டுவிட்டது.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். மூத்தோர் மன்றத்தில் "குடும்ப ஒற்றுமை" என்ற தலைப்பில் பேசினேன். மன்றத்தில் இந்தத் தலைப்பு எப்போதும் எனக்குத்தான். ஒரு கூரையின் கீழ் இரு மனம் ஒன்றாகும் மாண்பை எடுத்துரைத்தபோது கைதட்டல். வடை நல்லது.

"எங்கை பரராஜசிங்கம், உங்கடை மனுசி வரேல்லையோ?" என்று மகாதேவா மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். கொஞ்சம் அலுவல் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் யோகனோடு போனில் கதைத்துக்கொண்டிருக்கிறாள். உள்படிக்கட்டுக் கதவுக்குக் கீழ்ப்பக்கத்தால் ஒரு தாழ்ப்பாள் வேண்டுமாம். மேலே இருக்கிறவர்கள் நினைத்த நேரம் இறங்கக்கூடாதாம். வரப்போகிற வாடகைக்காரரின் வசதியை இவ்வளவு நுணுக்கமாக யாரும் யோசிக்க மாட்டார்கள். மனதுக்குள் பாராட்டினேன்.

அவள் ஆரணியின் பழைய அறையில் படுப்பது பற்றி மாஸ்டருக்கு எதுவும் தெரியாது. அது என் குறட்டை காரணமாகப் போன குளிர்காலத்தில் செய்த தற்காலிக ஏற்பாடு.

மே 24, சனி

தவமலர் ஆரணியிடம் போயிருக்கிறாள். நல்ல சந்தர்ப்பம். யோகனைக் கூப்பிட்டேன்.

"அன்ரி காயட்டும் எண்டு சொன்னவா?"

"அன்ரிக்கு இது ஒரு சப்ரைஸ்."

"அப்ப சரி அங்கிள்."

பூஞ்சணத்துக்கு மேலால் பெயின்ற் அடித்தான். அது காயும் முன்னமே மரச்சட்டம் நிறுத்தி, இன்சுலேசன் பஞ்சு வைத்து, பிளாஸ்ரிக் இழுத்து, ட்ரைவோலும் அடித்துவிட்டான். வெள்ளைச் சுவர். பார்க்கப் பங்களா மாதிரி. ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதற்கு ஆண்கள் இரண்டு பேர் போதும்.

ஜூன் 3, செவ்வாய்

தவமலர் வந்துவிட்டாள். கீழே கூட்டிக்கொண்டு போய் லைற்றைப் போட்டேன். நெடுநேரம் நின்று பார்த்தாள். கிட்டப் போய் மணந்தும் பார்த்தாள்.

"எப்பிடி?"

"வடிவாயிருக்கு" என்றாள்.

இன்று முழுக்க வேறொன்றும் கதைக்கவில்லை. மகிழ்ச்சியில் சிலருக்குப் பேச்சு வராது.

ஜூன் 14, சனி

மூன்று நாள் மழை. பாத்திக்கு நல்லது.

காலையில் கீழேயிருந்து கூப்பிட்டாள். புதுச்சுவரின் அடியில் ஒரு தேத்தண்ணிக் கறை, வரைபடத்தில் ஆறு ஓடுவதுபோல் மேல்நோக்கி ஏறியிருந்தது. பெயின்றில் ஏதோ குறை என்றேன். அவள் பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது.

பிறகு மேலே வந்து பாண் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். கத்தியைக் குத்தி இழுத்தாள். கேக் வெட்டுவதுபோல் சுவர் வெட்டுப்பட்டது. ஒரு சதுரம் கழன்று விழ, அதோடு பஞ்சும் சொதசொதவென்று வந்தது. உள்ளே கறுப்பு. முந்தியதைவிட இரண்டு மடங்கு. நாற்றத்தில் எனக்கு இருமல் எடுத்தது. அவள் வாயைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டே போனாள்.

"தவம், ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் காணும்…"

"மூடிவிட்டால் இல்லாமல் போயிடும் எண்டு நினைச்சியளோ?" திரும்பாமலே கேட்டாள். "நீங்கள் எல்லாத்தையும் அப்பிடித்தானே செய்யிறது."

யோகனுக்குப் போன் எடுத்தேன். "அங்கிள், நான் சுவருக்குத்தான் பொறுப்பு, தண்ணிக்கு இல்லை" என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். ஆரணி வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தாள். லைன் தெளிவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

லைன் தெளிவாகத்தான் இருந்தது. அவள் சொன்னது இது: "அப்பா, அம்மா உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையோ? பேஸ்மென்ற் வாடகைக்கு இல்லை. அம்மா தான் இருக்கப்போறா. தனிய."

இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளைகள் சில விடயங்களைப் பிழையாக விளங்கிக்கொள்வதுண்டு. இன்று மத்தியானம் தவமலரிடமே கேட்டேன்.

"ஓம்" என்றாள். பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். "முதல்நாளே சொல்ல வந்தனான்."

"நான் என்ன பிழை செய்தனான்? அடிச்சனானோ? குடிச்சனானோ?"

"இல்லை."

"அப்ப என்ன கோவம்?"

"கோவமில்லையப்பா. நான் ஒரு வசனம் தொடங்கினால் அதை நீங்கள்தான் முடிக்கிறியள். எனக்குத் தலையிடி எண்டால் ஏன் தலையிடிக்குது எண்டு நீங்கள் எனக்குச் சொல்லுறியள். பக்ரறியிலை மெசின் சத்தத்துக்கை நிண்டிட்டு வீட்டை வந்தால் இஞ்சை ஒரு மெசின். வேலை இருக்கு மட்டும் தாங்கினன். இப்ப நாள் முழுக்க வீடு."

"கீழை போய் ஆரோடை கதைக்கப்போறீர்?"

"ஒருத்தரோடையும் இல்லை. அதுக்குத்தான்."

"சனம் என்ன சொல்லும்?"

"அதையும் நீங்களே சொல்லிப்போடுவியள்" என்று சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். பயற்றங்காய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜூன் 21, சனி

சுவர் விடயத்தில் என் கருத்தை மீளாய்வு செய்திருக்கிறேன்.

ஈரச் சுவரை அவசரப்பட்டு மூடுவது பெரும் தவறு. பூஞ்சணம் நுரையீரலுக்கு ஆகாது. முதலில் சுவர் முற்றாகக் காய வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதை நாலு பருவமும் இருந்து பார்த்தால்தான் சொல்லலாம். ஒரு வருடம் குறைந்தது. இரண்டு வருடம் உத்தமம். அதுவரை ஒருவரும் கீழே குடியிருக்கக்கூடாது. இதை நான் அவளுடைய உடல்நலத்துக்காக மட்டும்தான் சொல்கிறேன்.

யோகன் மிச்சச் சுவரைக் கழற்ற வந்தான். "உடன கட்டித் தரட்டோ அங்கிள்?" என்றான். உன்னைப்போன்ற அவசரக்காரர்களால்தான் நாடு கெட்டது என்று சொல்லி அனுப்பினேன். எந்த நாடு என்று கேட்டான்.

ஜூலை 5, சனி

கடும் வெயில். பாகலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். மத்தியானமும் கொஞ்சம் விட்டேன். பாகல் தாகம் தாங்காத பயிர்.

ஜூலை 12, சனி

தவமலர் ஈரம் இழுக்கும் மெசின் ஒன்று வாங்கிக் கீழே வைத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு வாளி தண்ணீர் இழுக்கிறது. தூக்கிக்கொண்டு படியேற அவளுக்கு இடுப்பு, நாரி நோகும் என்று, வாளியை வெறுமையாக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அந்தத் தண்ணீரையும் வீணாக்கவில்லை. பாத்திக்கு ஊற்றுகிறேன்.

ஜூலை 19, சனி

வெயில் காலத்தில் மெசினுக்கு இத்தனை வேலை ஏன் என்று தவமலர் கேட்டாள். பூமிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றேன். இன்று இரண்டு வாளி.

பாகல் பந்தல் தாங்காமல் தொங்குகிறது. ஒரு காய் என் முழங்கை நீளம். மகாதேவா மாஸ்டரின் புடோலில் வண்டு என்று கேள்விப்பட்டேன். வருத்தம்தான்.

ஜூலை 27, ஞாயிறு

கீழே சத்தமில்லை. போய்ப் பார்த்தேன். மெசின் நிறுத்திக் கிடந்தது. நிலத்தில் சுவரோரமாகத் தண்ணீர். தவமலர் தையல் மெசினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"விடுங்கோ. நான் இழுக்க இழுக்க நீங்கள் ஊத்துறியள். நேற்று நீங்கள் வாளியோடை நிண்டு ஊத்தினதை ஜன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

நான் பாகலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"பாகல் நல்லாயிருக்கட்டும்" என்றாள். "ஆரணியின்ரை வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன அப்பாட்மென்ற் இருக்காம். செப்ரெம்பரிலை வரச்சொல்லியிருக்கினம். சுவர் காஞ்சிருந்தால் இஞ்சைதான் இருந்திருப்பன். எனக்கு இந்த ஒழுங்கை பழக்கம், கோயில் கிட்ட. அதுக்காக ஈரத்துக்கை கிடக்கேலாது."

கோபமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

இன்று தண்ணீர் விடவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஒட்டாவா இங்கிருந்து காரில் ஐந்து மணித்தியாலம். பேஸ்மென்ற் பதின்மூன்று படி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெட்டத் தொடங்கினேன். போட்டிக்கு நாலு நாள்தான் இருக்கிறது. நாலு நாள் பொறுத்து வெட்டலாம்தான். அதையும் யோசித்தேன். ஆனால் அவள் பெட்டிகளை முன்னறையில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

முதலில் பந்தலைப் பிரித்தேன். பாகற்கொடி அறுக்கும்போது அதன் வாசம் கையெல்லாம் பிடித்தது. பிறகு மண். கனடாவில் நான் இத்தனை வருடமாகச் சேர்த்ததெல்லாம் இந்த மண்தான் போலிருந்தது. சாக்குச் சாக்காகக் கட்டினேன்.

மத்தியானம் வெளிச்சுவர் முழுதாகத் தெரிந்தது. பாத்தி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குச் சுவர் கறுத்து ஊறிப்போய் இருந்தது, கோடு கீறினதுபோல். அதற்கு மேலே உலர்ந்த சுவர். அந்தக் கோட்டில் கைவைத்துப் பார்த்தேன். மேலே சூடு, கீழே குளிர்.

ஒரு சிறு வெடிப்பும் இருந்தது. பீலி வந்து விழுந்த இடத்துக்கு நேரே.

தவமலர் பின்கதவில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். சீனி போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

நடுவர்கள் வந்தார்கள். மகாதேவா மாஸ்டரும் "சும்மா பாக்க" வந்தார். பின்வளவில் மார்பளவு குழி. குழிக்குள் நான்.

"என்ன பரராஜசிங்கம், கிணறு வெட்டுறியளோ?"

"சுவர் பாக்கிறன், மாஸ்டர்."

"பாகல் எங்கை? பெரிய பாகல் எண்டு சொன்னவை?"

குப்பைச் சாக்கைக் காட்டினேன். அவர் ஒரு காயை வெளியே எடுத்து, முழங்கையோடு வைத்து அளந்து பார்த்தார். அவருடைய முகத்தில் முதன்முறையாக எனக்காக ஒரு துக்கம் தெரிந்தது. "வண்டு பிடிச்சதோ?" என்று மெல்லக் கேட்டார்.

இரண்டாம் இடமும் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

வெடிப்பை அடைத்து, சுவருக்குத் தார் பூசி, தண்ணீர் நிற்காதிருக்க அடியில் கல்லும் குழாயும் போட்டாயிற்று. யோகன் இரண்டு பேரை அனுப்பினான். "அங்கிள், இதை முதலே செய்திருக்கலாம்" என்றான். அவனுக்கு நல்ல துணிச்சல்.

மண் நிரப்பி, வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இறக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கண் இப்போது முன்போல் இல்லை. தவமலரைக் கூப்பிட்டு, "இது காணுமோ?" என்று கேட்டேன்.

அவள் ஒரு நிமிடம் என்னைத்தான் பார்த்தாள், மட்டத்தை அல்ல. பிறகு குந்தியிருந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ."

காணும் என்றுதான் எனக்குப் பட்டது. இறக்கினேன். பீலிக்கு நீளக் குழாய் மாட்டிப் புல்வெளிக்கு விட்டேன். ஒட்டாவா அப்பாட்மென்ற்காரருக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. பெட்டிகள் இன்னும் முன்னறையில்.

செப்ரெம்பர் 6, சனி

பெருமழை. இருவரும் கீழே போய் ஆளுக்கொரு கதிரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வெட்டிய ட்ரைவோல் எல்லாம் எப்போதோ வெளியே போய், சுவர் உரஞ்சிக் கழுவப்பட்டு நிர்வாணமாக நின்றது. பிளாஸ்ரிக் தாள் புதிது. மழை அடித்துக்கொண்டே இருந்தது. தாள் காய்ந்துபோய்க் கிடந்தது, முன்னும் பின்னும்.

"காஞ்சிட்டுது" என்றேன்.

"இன்னொரு மழை பாப்பம்."

எந்த முடிவுக்காக மழையைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஈரம் வந்தால் அவள் ஒட்டாவா. வராவிட்டால் கீழே. எப்படியோ மேலே இல்லை.

செப்ரெம்பர் 25, வியாழன்

இன்னொரு மழை. காய்ந்துதான் இருக்கிறது.

ஒக்டோபர் 11, சனி

யோகன் இந்தமுறை தவமலர் சொன்னபடி செய்தான். பஞ்சு இல்லை. நுரைப்பலகையைச் சுவரோடு இடைவெளி விடாமல் ஒட்டி, பொருத்தெல்லாம் அடைத்து, அதன் பிறகுதான் சட்டமும் பலகையும். நிலத்திலிருந்து இரண்டு விரல் உயர்த்தித்தான் பலகை தொடங்கியது. தாழ்ப்பாளும் பொருத்தினான். திருகாணி போதாமல் நின்றான். நான்தான் தேடிக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 18, சனி

தவமலர் குடிபோனாள். பால் காய்ச்சினாள். ஆரணி வந்திருந்தாள். சாமிப்படத்தையும் பானைசட்டியையும் அவர்கள் கொண்டுபோக, கட்டிலை நானும் யோகனும் தூக்கினோம்.

எல்லாம் முடிந்து படிவாசலில் நின்று அவள், "அப்ப நான் போட்டு வாறன்" என்றாள். ஊருக்குப் போகிறவள்போல். "ஓம், கவனமாப் போட்டு வாரும்" என்று வாயில் வந்துவிட்டது. ஆரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

சோறு அடிப்பிடித்தது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட வரச்சொன்னாள். ஒழுங்கையால் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன். ஷேர்ட் போட்டுக்கொண்டுதான் போனேன்.

கனடா வந்த முதல் குளிர்காலத்தில் பஸ்ஸில் நித்திரையாகி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட கதையைச் சொன்னாள். ஒரு யூகோஸ்லாவியக் கிழவி கைபிடித்துத் தொழிற்சாலை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாளாம். இருவருக்கும் ஒரு சொல் இங்கிலிஷ் தெரியாதாம். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதேயில்லை. அவள் சொன்ன பஸ் இலக்கம் பிழை என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மீன் குழம்புக்கு உப்புக் கொஞ்சம் கூட. அதையும் சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மகாதேவா மாஸ்டர் போன் எடுத்தார். தைப்பொங்கல் விழாவுக்கு "குடும்ப ஒற்றுமை" பற்றி நான்தான் பேச வேண்டுமாம். இந்தமுறை வேறு யாரையாவது பிடியுங்கோ என்றேன். சுகமில்லையோ என்று கேட்டார். சுகம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பேஸ்மென்ற் முடிஞ்சுதாம். வாடகைக்கு ஆள் வந்திட்டினமோ?"

வந்துவிட்டார்கள், நல்ல சனம், என்று சொல்லியிருக்கலாம். வாயில் தயாராகத்தான் இருந்தது.

"வாடகைக்கு இல்லை மாஸ்டர். தவமலர்தான் கீழை இருக்கிறா. தனிய."

அந்தப்பக்கம் ரேடியோவை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"சண்டையோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

காரணத்தை விளக்க மூச்செடுத்தேன். நல்ல வசனம் ஒன்றும் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"அதை அவவிட்டைத்தான் கேக்கோணும். அவவுக்கு இப்ப வேறை நம்பர். எழுதுங்கோ."

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவர் பேனை தேடும் வரைக்கும் பொறுத்துக்கொண்டு நின்றேன்.